யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் வன்மை

ஆறில்லாத நாட்டிலே வாழ்பவர் நாம். வழுக்கியாறு மாரியிற் சில வாரங்கள் ஓடிக் கோடையில் வெறுந் தடமாகக் கிடக்கின்றது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் தலைமுறை தலைமுறையாக நாம் நம்பி வந்தது கிணற்றையே. ஆதலினாலேதான் கிணற்றைப் பற்றிய பேச்சு நம்மிடையே மிகுதி. "அந்த வளவுக் கிணறு நல்ல தண்ணீர்", "இது சவர்", "இந்தத் தண்ணீரிலே பருப்பு அவியாது", "கேத்தில் முழுவதும் வெள்ளை பிடிக்கின்றது" என்னும் சொற்களைக் கேளாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை.

இவற்றையெல்லாம் இக்காலத்தார் 'தண்ணீர் வன்மை' என்னும் ஒரே பெயரால் அழைத்து, அதற்கு ஒரே மருந்தாகக் கடையில் விற்கும் ஏதேனும் ஒரு வடிகருவியை வாங்கி வைத்துவிட்டுக் கவலை தீர்ந்ததென எண்ணிக்கொள்கின்றனர். நோய் இன்னதென்று அறியாமல் மருந்துண்பது போன்றது இது. வன்மை ஒன்றன்று, வலிகாமத்துச் செம்மண் கிணற்றின் வன்மை வேறு, தீவகத்துக் கரையோரக் கிணற்றின் வன்மை வேறு. முன்னதை அடுப்பு நீக்கும். பின்னதை அடுப்பு மேலும் மோசமாக்கும். இவ்வேறுபாட்டையும் அதற்கேற்ற பரிகாரங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்மை என்பது யாது?

சவர்க்காரத்தோடு எளிதில் நுரைக்கும் நீர் மென்னீர்; நுரைக்க மறுப்பது வன்னீர். நீரிற் கரைந்துள்ள கல்சியம், மகனீசியம் ஆகிய இரண்டின் உப்புக்களே இம்மறுப்புக்குப் பெரும்பாலும் காரணமாவன. சவர்க்காரம் இவ்வுலோகங்களோடு சேர்ந்தவுடன் கரையாத வெண்திரையாக மாறிவிடுகின்றது. நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் முற்றாகத் தீர்ந்த பின்னரே எஞ்சிய சவர்க்காரம் நுரைக்கத் தொடங்கும். வாளியின் விளிம்பிலும் வெள்ளை வேட்டியின் மடிப்பிலும் படியும் அழுக்குப் போன்ற படிவு இத்திரையே.

வன்மையின் அளவை, ஓர் இலீற்றர் நீரிலுள்ள கல்சியங் காபனேற்றுக்குச் சமமான மில்லிகிராம்களாகக் கூறுவது மரபு. பொதுவாக 60 வரை மென்னீர் எனவும், 120க்கு மேல் வன்னீர் எனவும், 180க்கு மேல் மிகு வன்னீர் எனவும் வகுப்பர். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் 250ஐ மேலெல்லையாகக் கொள்கின்றது. வன்மை 300 உள்ள கிணற்று நீரில் ஒரு வாளி, அதாவது 20 இலீற்றர், எடுத்துக்கொள்வோம். அதனை முற்றாக நுரைக்கச் செய்வதற்கு முன் வீணாகும் தூய சவர்க்காரம், இரசாயனக் கணக்கின்படி, ஏறத்தாழ 37 கிராம் ஆகும். சவர்க்காரக் கட்டியொன்றின் மூன்றிலொரு பங்கு துணியைத் தொடாமலே கரைந்து போகின்றதென்றால், வன்னீர் வறிய வீட்டுக்கு விதிக்கும் வரி எத்துணை என்பது விளங்கும்.

நம் முன்னோர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும். தலைக்குச் சீயக்காயும் துணிக்குப் பனம்பழமும் பயன்படுத்திய வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. 1990களிற் பொருளாதாரத் தடையினாற் சவர்க்காரம் கிடைத்தற்கரியதாகியபோது குடாநாட்டு மக்கள் மீண்டும் பனம்பழத்தாலேயே துணி தோய்த்தனர். பனம்பழத்திலுள்ள நுரைக்கும் பொருள் சவர்க்காரத்தின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆதலால் கல்சியம் அதனைச் சவர்க்காரத்தைப் போலத் திரையாக்கி வீழ்த்துவதில்லை. வன்னீர் நாட்டுக்கு இயற்கை அளித்த சலவைப் பொருள் அது எனலாம்.

பாறையிலிருந்து வரும் வன்மை

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் பாறை. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலே படிந்து இறுகிய இப்பாறையே, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு 1990ஆம் ஆண்டு வரை மூலப்பொருளாக விளங்கியது. சீமெந்தாக உருமாறிய அதே கல்லே நம் கேத்திலிலும் வெள்ளையாகப் படிகின்றது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

சுண்ணக்கல் தூய நீரில் மிகச் சிறிதளவே கரையும். ஆனால், மழைநீர் மண்ணினூடு இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தன்னுட் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. இவ்வமில நீர் பாறையைத் தொட, கரையாத கல்சியங் காபனேற்றுக் கரையும் கல்சியம் இருகாபனேற்றாக மாறுகின்றது. ஆண்டாண்டுகளாக நிகழும் இக்கரைப்பினாலேயே பாறையினுள் வெடிப்புக்களும் குகைகளும் நீரோடும் வழிகளும் தோன்றின. புத்தூரை அடுத்த நிலாவரைக் கேணியும், கடலோரத்திலே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இதன் கண்கூடான சான்றுகள்.

இவ்வகை வன்மைக்கு நிலையில் வன்மை என்று பெயர். நீரைக் கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறும். இருகாபனேற்று மீண்டும் காபனேற்றாகிப் பாத்திரத்திற் படியும். பாறைக்குள் நிகழ்ந்ததை அடுப்பு தலைகீழாக நிகழ்த்துகின்றது. இலீற்றருக்கு 250 மில்லிகிராம் நிலையில் வன்மையுள்ள நீரை நாளொன்றுக்கு 5 இலீற்றர் கொதிக்க வைக்கும் வீட்டிலே ஓராண்டிற் படியும் சுண்ணக்கல் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் வரை ஆகும்.

கடலிலிருந்து வரும் வன்மை

இரண்டாவது வகை பாறையிலிருந்து வருவதன்று, கடலிலிருந்து வருவது. குடாநாட்டின் நன்னீர், பாறையினுள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின் மீது ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இவ்விதியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும் 1901இற் செருமானியரான ஏர்சுபேர்க்கும் தனித்தனியே வெளியிட்டனர். நிலாவரையின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இவ்விதியின் மறுபக்கம் அச்சந் தருவது. இறைப்பினால் மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலை நீடிக்குமாயின், கீழேயுள்ள கடல்நீர் 40 அடி மேலெழ முயலும். கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 1,290 மில்லிகிராம் மகனீசியமும் 410 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன. அதன் மொத்த வன்மை 6,300க்கு மேற்பட்டது. எனவே, கிணற்று நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே வன்மை ஏறத்தாழ 63 கூடும். குளோரைட்டு ஏறத்தாழ 194 மில்லிகிராம் கூடும். குளோரைட்டு 250ஐ அணுகும்போது நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்கும். கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் குளோரைட்டுக்களும் சல்பேற்றுக்களும் கொதித்தலாற் படிவதில்லை. ஆதலின், இது நிலையான வன்மை எனப்படும்.

பிரிவுக்குப் பிரிவு வேறுபாடு

இவ்விரு வகைகளையும் அறிந்தபின் குடாநாட்டின் வேறுபாடு தெளிவாகும். வலிகாமத்தின் நடுப்பகுதியிலே சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய் முதலிய செம்மண் ஊர்களில் நன்னீர் வில்லை தடித்தது. அங்குள்ள நீர் நாவுக்கு இனிது. ஆனால் பாத்திரத்தில் வெள்ளை படிவிக்கும். அதன் வன்மை பெரும்பாலும் பாறை தந்தது.

வடமராட்சி கிழக்கிலே குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில் முதலிய மணற்பாங்கான ஊர்களில் மழைநீர் மணலிடையே தங்குகின்றது. மணலிற் கரைவதற்குரிய பொருள் குறைவு. ஆகவே, ஆழமற்ற மணற் கிணற்று நீர் ஒப்பளவில் மென்மையானது. எனினும், நன்னீர்ப் படை மெல்லியது. ஆழமாகத் தோண்டினாலும் மிகுதியாக இறைத்தாலும் உவர் ஏறிவிடும். தென்மராட்சியிலும் மணற்பாங்கான பகுதிக்கும் கடனீரேரியை அடுத்த பகுதிக்கும் இடையே இத்தகைய வேறுபாடு காணலாம்.

தீவகத்தின் நிலை கடினமானது. வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நெடுந்தீவு முதலிய இடங்களில் நிலப்பரப்பு ஒடுங்கியது, நாற்புறமும் கடல். மழை தந்த நன்னீர் சிறு சிறு வில்லைகளாகவே ஆங்காங்கு நிற்கின்றது. ஓரூரில் ஒன்றிரண்டு கிணறுகளே நல்ல தண்ணீராக இருக்க, ஏனையவை சவராக இருத்தல் இதனாலேயே. பாறை வன்மையும் கடல் வன்மையும் அங்கு ஒருங்கே கூடுகின்றன.

காலத்தாலும் வேறுபாடு உண்டு. நம் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது. தை மாதத்திலே குடிக்கத்தக்க கரையோரக் கிணறு ஆவணியில் உவர்த்துப் போகும். ஆகவே, ஒரே முறை நீரைப் பரிசோதித்து ஆண்டு முழுவதற்கும் முடிவு கூறுதல் தவறு.

வீட்டிலேயே செய்யத்தக்க பரிசோதனை

ஆய்வுகூடத்திலே ஈ.டீ.டீ.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காட்டியின் செந்நிறம் நீலமாக மாறும் நிலையைக் கண்டு வன்மையைத் துல்லியமாக அளக்கலாம். வீட்டிலே அத்துணைத் துல்லியம் வேண்டியதில்லை. ஒரே அளவான மூன்று போத்தல்களை எடுத்து, ஒன்றில் மழைநீரும், மற்றொன்றிற் கிணற்று நீரும், மூன்றாவதில் நன்கு கொதிக்க வைத்து ஆறவிட்டுத் துணியில் வடித்த அதே கிணற்று நீரும் சம அளவில் விடுக. சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் குலுக்குக. நுரை இரண்டு நிமிடம் கலையாது நிற்க எத்தனை துளி வேண்டும் என எண்ணிக் குறித்துக்கொள்க.

மழைநீருக்கு 5 துளியும், கிணற்று நீருக்கு 35 துளியும், கொதித்த நீருக்கு 11 துளியும் வேண்டியிருந்தன என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 35க்கும் 11க்கும் உள்ள வேறுபாடாகிய 24 துளி நிலையில் வன்மைக்கு உரியது. 11க்கும் 5க்கும் உள்ள வேறுபாடாகிய 6 துளி நிலையான வன்மைக்கு உரியது. இக்கிணற்றுக்கு அடுப்பே மருந்து. கொதித்த நீருக்கும் 30 துளி வேண்டியிருந்தால், அங்கு கடலோ சல்பேற்றோ வேலை செய்கின்றது. விறகை எரித்துப் பயனில்லை.

பரிகாரங்கள்

முதலாவது கொதித்தல். நிலையில் வன்மையை இது நீக்கும், நோய்க்கிருமிகளையும் அழிக்கும். கொதித்த நீரை ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்நீரை வடித்தெடுக்க வேண்டும். கேத்திலிற் படிந்த வெள்ளையைத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ இட்டுச் சிறிது சூடாக்கினாற் கரைத்துவிடலாம்.

இரண்டாவது சுண்ணாம்பு முறை. அபடீன் நகரப் பேராசிரியர் தோமசு கிளாக்கு 1841இல் உரிமை பெற்றது இது. சுண்ணாம்பை நீக்கச் சுண்ணாம்பையே இடுதல் வியப்பாகத் தோன்றும். நீற்றிய சுண்ணாம்பு, நீரிலுள்ள இருகாபனேற்றோடு சேர, இரண்டும் காபனேற்றாகிப் படிகின்றன. நிலையில் வன்மை 250 உள்ள நீருக்கு இலீற்றருக்குச் சுமார் 185 மில்லிகிராம் தூய நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். மிஞ்சினால் நீர் காரமாகும். எனவே, அளந்து இடும் வசதியுள்ள பொது நிலையங்களுக்கே இம்முறை பொருந்தும்.

மூன்றாவது சலவைச் சோடா. இருவகை வன்மையையும் இது படிவிக்கும். துணி தோய்ப்பதற்கு ஏற்றது, குடிப்பதற்கு ஆகாது.

நான்காவது அயன் பரிமாற்றம். பிசின் மணிகள் நிறைந்த கலத்தினூடு நீர் செல்லும்போது கல்சியமும் மகனீசியமும் மணிகளிற் பிடிபட, சோடியம் நீரில் இறங்குகின்றது. மணிகள் நிறைந்தபின் கறியுப்புக் கரைசலாற் கழுவிப் புதுப்பிக்கலாம். வன்மை 100 நீங்கும்போது சோடியம் 46 மில்லிகிராம் கூடும் என்பதை மறத்தலாகாது. குருதியழுத்தத்தால் உப்பைக் குறைக்க வேண்டியவருள்ள வீட்டில் இந்நீரைக் குளிக்கவும் தோய்க்கவும் வைத்துக்கொண்டு, குடிநீருக்கு வேறு வழி தேடுதல் நன்று. ஏற்கெனவே உவர்த்த நீரின் உவர்ப்பை இக்கருவி சிறிதும் குறையாது.

ஐந்தாவது, ஆர்.ஓ. எனச் சுருங்க வழங்கும் நேர்மாறு பிரசாரணம். நுண்மென்றகட்டினூடு நீரை அழுத்திச் செலுத்தி, கரைந்த உப்புக்களிற் பெரும்பகுதியைப் பிரிப்பது இது. உவர்நீருக்கு உண்மையான மருந்து இதுவே. 2024ஆம் ஆண்டு தாளையடியிலே திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரத்தக்க கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் இம்முறையிலேயே இயங்குகின்றது. ஆனால் வீட்டுக் கருவிகள் பல, ஒரு பங்கு நன்னீர் தருவதற்கு ஒரு பங்குக்கும் மேலான நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. சுண்ணாம்பு மாத்திரமுள்ள வலிகாமத்துக் கிணற்றுக்கு இதனைப் பூட்டுதல், அடுப்பாலாகும் காரியத்துக்கு நன்னீரைப் பலியிடுவதாகும்.

தேத்தாங்கொட்டையைப் பற்றியும் ஒரு சொல். கலங்கல் நீரைத் தெளிவிப்பதில் அது வல்லது. ஆனால் கலங்கல் மிதப்பது, வன்மை கரைந்திருப்பது. தெளிந்த நீர் மென்னீராகிவிடாது.

வன்மையைவிடக் கொடியது

வன்மை உடலுக்குத் தீங்கா என்பது பலர் கேட்கும் வினா. உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் கருதி வன்மைக்கு எல்லை எதனையும் விதிக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு வன்னீரே காரணம் என்னும் ஊர்நம்பிக்கையை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. போதிய நீர் அருந்தாமையே அந்நோய்க்கு நன்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. சுண்ணாம்புக்கு அஞ்சி நீரைக் குறைத்துக் குடிப்பவர் தாம் அஞ்சிய நோயைத் தாமே அழைப்பவராவர்.

உண்மையில் அஞ்சத்தக்கது கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவின்றி இடும் யூரியாவும், கிணற்றை அடுத்த மலக்குழியும், வெடிப்புள்ள சுண்ணக்கல்லினூடு இதனை நிலத்தடி நீரிற் சேர்க்கின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையை இது கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. போத்தற்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இது குலைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யும். கொதித்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடும். கேத்திலில் வெள்ளை படிந்தது கண்டு 'எல்லாம் இறங்கிவிட்டது' என்று மகிழும் தாய், இறங்காத ஒன்றைத் தன் குழந்தைக்கு ஊட்டுகின்றாள். ஆதலின், குழந்தையுள்ள வீட்டார் தம் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுக்காகப் பரிசோதித்தல் இன்றியமையாதது. மிகுந்திருப்பின், குழந்தையின் பாலுக்கு வேறு நல்ல நீரையே பயன்படுத்தல் வேண்டும்.

கூரையே மென்னீர்க் கிணறு

நாம் மறந்துபோன மென்னீர் ஒன்று உண்டு, அது மழை. 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையின் மீது 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 இலீற்றர் நீர் விழும். இழப்புப் போக 8,000 இலீற்றர் சேர்க்கலாம். ஐவர் உள்ள குடும்பம் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நாளொன்றுக்கு 25 இலீற்றர் கொண்டால், எட்டு மாதக் கோடைக்கு வேண்டுவது 6,000 இலீற்றரே. ஐப்பசி, கார்த்திகையிற் சில நாள் மழையே இதற்குப் போதும். முதல் மழையைக் கழித்துவிட்டு, பீலியைத் துப்புரவாக வைத்து, தொட்டியை வெளிச்சமும் நுளம்பும் புகாமல் மூடி, குடிக்குமுன் கொதிக்க வைத்தல் வேண்டும். சுண்ணாம்புமில்லை, உவருமில்லை, உரக் கழிவுமில்லை. தொட்டி நிரம்பிய பின் வழியும் நீரைக் கிணற்றருகே குழியிலிட்டு நிலத்துக்கு அனுப்பினால், நம் காலடியிலுள்ள நன்னீர் வில்லையும் சிறிது தடிக்கும்.

துலாவால் இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. 1950களுக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியதனால் தோட்டம் செழித்தது. அதே வேளை, கடலைத் தடுத்து நின்ற நன்னீரும் குறையத் தொடங்கியது. பாறை தந்த வன்மையை ஒரு வீட்டார் தம் அடுப்பாலே தீர்த்துக்கொள்ளலாம். கடல் தந்த வன்மையை எந்த ஒரு வீட்டாராலும் தனியே தீர்க்க இயலாது. ஏனெனில், ஒருவர் வளவில் மிகுதியாக இறைத்தது அயலவர் கிணற்றிலே உவராக ஏறும். வேலி நிலத்தைப் பிரிக்கின்றது. நிலத்தடி நீரைப் பிரிப்பதில்லை.

எனவே, மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்று நீரை மாரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் மேற்கூறியவாறு சோதித்து, துளிக் கணக்கை ஒரு கொப்பியிற் குறித்து வருவாராக. பல ஊர் மாணவர் சேர்ந்து பல ஆண்டு குறித்தால், எவ்வூரிலே கடல் முன்னேறுகின்றது என்பதை அக்கொப்பிகளே சொல்லிவிடும். குழாய்நீர் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிடுதல் அறியாமை. ஆறில்லாத இந்நாட்டை இதுவரை வாழவைத்தது அக்கிணறே.